கோயிலடி கேளாமல் ஒரு கோட்டைப் பயணம்

ஞாயிறு காலை ஏழு மணி. சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது என் தலையில் இரண்டு கட்டளைகள் ஏறியிருந்தன. முதலாவது மகள் நிலாவுடையது. "அப்பா, ஊர் எதெண்டு கேக்கலாம். கோயிலடி மட்டும் கேக்கக் கூடாது. கேட்டியள் எண்டால் என்ரை கலியாணத்துக்கு உங்களுக்கு அழைப்புக் காட் வராது." இரண்டாவது ஷாஃப்ஹவுசனில் இருக்கும் மச்சானுடையது. அவர் என் மனைவி யோகாவின் அண்ணர். "கோயிலடியை அறியாமல் திரும்பி வராதை."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். "ஊரிலை எந்தக் கோயிலடி?" என்று நாங்கள் கேட்பது பக்தி முற்றியதால் அல்ல. ஊரின் பெயர் பாதியைச் சொல்லும், கோயிலடி மீதியைச் சொல்லிவிடும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலேயே ஒருவரின் சாதியை அறியும் கலை இது. முன்பின் தெரியாத தமிழரைக் கண்டால் வணக்கத்துக்கு அடுத்ததாக அந்தக் கேள்வி தானாக வந்து விழும். முப்பது வருடமாகச் சூக் நகரத்து உணவகம் ஒன்றில் சமைக்கிறேன். கை மாறிவிட்டது, நாக்கு மாறவில்லை.

போகும் இடம் நியோன். நிலா விரும்பும் அருணின் தாய் பவானி அங்கே முதியோர் இல்லமொன்றில் தாதி. கணவர் இறந்த பிறகு மகனைத் தனியாக வளர்த்தவர். முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல், ஏரியைப் பார்த்து நிற்கும் ஒரு பழைய கோட்டையில் வைத்திருந்தார். "வீட்டிலை எண்டால் எல்லாரும் கதிரையிலை விறைச்சுப்போய் இருப்பம் அண்ணை. அங்கை எண்டால் நடந்து நடந்து கதைக்கலாம்" என்றார் தொலைபேசியில்.

நானும் யோகாவும் சூரிச்சில் மாறி லோசான் ரயிலில் ஏறினோம். அரைக்கட்டண அட்டை இருந்தும் பயணச்சீட்டு நாற்பது பிராங்குக்கு மேல். வாய் திறந்தால் அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில் பேர்ண் வரைக்கும் மீன் வைத்துச் சுட்ட பணிஸ் தின்றுகொண்டே வந்தேன்.

"அவ்வளவும் அவைக்குக் கொண்டுபோறது" என்றாள் யோகா.

"என்ரை வாயை அடைக்க வேறை வழி இல்லையப்பா."

லோசானுக்குச் சற்று முன்னால் ரயில் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்தது. சொல்லிவைத்தாற்போல் பெட்டி முழுவதும் ஏரியின் பக்கம் திரும்பியது. கீழே திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக இறங்க, அக்கரையில் பிரெஞ்சு மலைகள். வாழ்நாளில் ஒருமுறையாவது பாருங்கள். இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள்.

பத்தரைக்கு நியோனில் பவானி காரோடு நின்றார். குள்ளமான, விறுவிறுப்பான பெண். "வாங்கோ அண்ணை, வாங்கோ யோகா அக்கா" என்றவருக்கு நான் பதிலாகக் கும்பிட்டேன், அவ்வளவுதான். பேசாத சம்பந்தி என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

கோட்டைக்கு நுழைவுச்சீட்டு பன்னிரண்டு பிராங்க். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பிரபுக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றி உள்ளே ஒரு கண்காட்சி. பிரெஞ்சில் எழுதியிருந்ததைப் பவானி வாசித்துச் சொன்னார். போர்ப்படையில் அதிகாரி வேலை பிரபுக்களுக்கே. தம் நிலத்தில் சிறு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்வதும் அவர்களே. குடியானவன் கட்டிய பெரிய நிலவரியை அவர்கள் பெரும்பாலும் கட்டுவதில்லை. பல ஊர்களில் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்குக் கூலி. பிரபுவின் புறாக்கள் விதைத்ததைப் பொறுக்கித் தின்னும். கல்லெடுத்து எறிந்தால் குற்றம்.

"புறாவுக்கும் சாதி" என்றேன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பவானி சிரித்தார்.

எல்லாப் பிரபுக்களும் பணக்காரர்கள் இல்லையாம். கிழிந்த கோட்டோடு வாளைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். கடை வைத்தாலோ கூலிக்குக் கைவேலை செய்தாலோ பட்டம் பறிபோகும் என்பதால் பட்டினியைப் பெருமையோடு காத்தார்கள். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் இங்கே வந்து உணவகங்களில் கோப்பை கழுவியபோது அந்தச் சட்டம் இருந்திருந்தால் எத்தனை பட்டம் பறந்திருக்கும்! ஒன்றும் பறக்கவில்லை. கையுறை போட்டுக் கழுவினார்கள்.

அடுத்த அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு வம்ச மரம். அரசனோடு வேட்டைக்கு வண்டியில் போக விரும்பும் பிரபு, பல தலைமுறைக்குப் பழைய பத்திரங்களைக் காட்ட வேண்டும். அதைச் சோதிக்க அரண்மனையில் தனி உத்தியோகத்தர். காசு கொடுத்துப் பதவி வாங்கிப் புதிதாகப் பிரபுவானவர்களைப் பழைய பிரபுக்கள் மூக்கைச் சுழித்துப் பார்ப்பார்களாம்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. மச்சானின் செய்தி: "கேட்டாச்சோ?" அரண்மனை உத்தியோகத்தர் ஷாஃப்ஹவுசனில் உயிரோடு இருக்கிறார்.

கடைசி அறை எனக்குப் பிடித்தது. நாட்டுப்புறத்தில் குடியானவர்கள் கோட்டைகளை எரித்த செய்தி வந்தபோது, தேசிய சபையில் பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சலுகைகளைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்களாம், ஒரே இரவில். "பயத்திலை செய்தது எண்டும் எழுதியிருக்கு" என்றார் பவானி. நாட்டை விட்டு ஓடிய சிலர் இந்த ஏரிக்கரையில்தான் அகதிகளாக ஒதுங்கினார்களாம்.

"அவைக்குத் தற்காலிகமா இருக்கிற எஃப் பெர்மிட்டோ, வதிவிட பி பெர்மிட்டோ?" என்று கேட்டேன்.

"எஃப் ஆத்தான் இருக்கும் அண்ணை. பிரெஞ்சு மட்டும் சோதினை எழுதாமலே பாஸ்."

ஒன்றரை மணிக்குக் கோட்டைச் சாப்பாட்டுக்கடையின் திறந்தவெளி மேடையில் உட்கார்ந்தோம். ஏரி மீன் பொரியல், தட்டு முப்பத்தெட்டு பிராங்க். சமையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: எலுமிச்சம் புளி காணாது, பொரித்த பதம் அருமை. அரை நாளைக் கடந்துவிட்டேன், இனி வென்றேன் என்று முதுகைச் சாய்த்தேன்.

"அப்ப தாலியை எந்தக் கோயிலிலை கட்டுறது அண்ணை? உங்கடை பக்கமோ, எங்கடை பக்கமோ?" என்று கேட்டார் பவானி.

கோயில் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். "எங்கையும் கட்டலாம். ஊரிலை உங்கடை வீடு எந்தக் கோயிலடி?"

யோகாவின் முள்ளுக்கரண்டி தட்டில் விழுந்தது.

பவானி வாயைத் துடைத்துக்கொண்டார். "அம்மன் கோயிலடி. எங்கடை வேலியும் கோயில் மதிலும் ஒண்டோடை ஒண்டு. தேர் இழுக்கேக்கை அப்பா வடத்திலை கை வைச்சதில்லை, வைக்க விடேல்லை. மதிலுக்கு வெளியிலை நிண்டுதான் கும்பிட்டனாங்கள். இவ்வளவும் காணுமோ அண்ணை, இன்னும் சொல்லோணுமோ?"

காலையிலிருந்து நான் பயந்ததெல்லாம் கேட்டுவிடுவேனோ என்றுதான். என்னை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வாழ்நாளில் ஒருநாளும் பயந்ததில்லை. புறாக்கூட்டையும் ஆலையையும்விடப் பெரிய சலுகை அதுதான் என்று அந்த மேடையில் வைத்து விளங்கியது. நல்ல நேரம் பார்த்து விளங்கியது!

"பவானி, என்ரை நாக்கை நான் அட்லிஸ்விலிலை வைச்சிட்டு வந்திருக்கோணும்."

"நாக்கை விடுங்கோ. நிலாவுக்கு எல்லாம் தெரியும், அருணுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது நீங்கள் ரெண்டு பேரும்தான். இப்ப தெரிஞ்சிட்டுது. கலியாணம் உண்டோ, இல்லையோ?"

"உண்டு" என்றேன். "பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் உண்டு."

"ஆருக்குப் பயம்?"

"மச்சானுக்கு."

பவானி கரண்டியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "இனிமேல் எங்கடை சொந்தக்காரர் ஒருத்தரிட்டையும் இதைக் கேக்கக் கூடாது. சபையிலையும் கேக்கக் கூடாது, பின்னாலை நிண்டும் கேக்கக் கூடாது. உங்கடை ஆக்கள் கேட்டால் நீங்கள்தான் மறிக்கோணும்."

"மறிக்கிறன்."

"அப்ப சாப்பிடுங்கோ. மீன் ஆறுது."

நாலு மணி ரயிலில் திரும்பினோம். நியோனில் வெயில் இருந்தது, லோசானில் மழை. பயத்தில் விட்டுக்கொடுத்த அந்தப் பிரபுக்களை நினைத்தேன். துணிவு வரும்வரை காத்திருந்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பயத்தில் செய்தாலும் செய்தது செய்ததுதான்.

ஃபிரிபூர் தாண்டும்போது மச்சான் அழைத்தார். "கேட்டனியோ?"

"கேட்டன் மச்சான். நான் கேட்டிருக்கக் கூடாது. கலியாணம் நடக்குது."

"என்ன கோயிலடி?"

"அதைச் சொல்லமாட்டன்."

"அப்ப எனக்கு விளங்கிட்டுது. நான் வரமாட்டன். தாய்மாமன் இல்லாமல் எப்பிடிச் செய்வாய் எண்டு பாப்பம்."

யோகா தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்தாள்.

"அண்ணை, நான் கதைக்கிறன். ஐப்பசியிலை கலியாணம். கலியாண ஹோலுக்குச் சாப்பாட்டுக்கு எத்தினை ஆக்கள் எண்டு முன்கூட்டியே கணக்குக் குடுக்கோணும். வாறதெண்டால் அடுத்த கிழமைக்குள்ளை சொல்லுங்கோ." வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரேயொரு மீன் பணிஸைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தாள்.

அந்தக் கிழமை முடிந்து, அதற்கடுத்ததும் முடிந்துவிட்டது. மச்சான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவருக்கும் சேர்த்துத்தான் ஹோலுக்கு ஆள் கணக்குக் கொடுத்திருக்கிறேன்.