ஹிஸ்டரியை அழித்தவள்

அந்தப் பட்டுக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கணினியைப் பார்த்து முகம் சுளித்தேன். பிரவுசரைத் திறந்தால் எங்கேயும் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கத்தில் போய் நின்றது. அதில் யாரும் கேட்காத ராசிபலன், தொப்பை கரைக்கும் பொடி, ஏதோ ஒரு நடிகையின் விவாகரத்து. மூலையில் பளபளவென்று ஒரு சூதாட்டச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எச்சில் இலையை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்தவருக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அரை நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். ஒட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, விளம்பரங்களைத் தானாகவே தடுக்கிற வேறொரு பிரவுசரை ஏற்றினேன். திறந்ததும் எங்கள் புடவை டிசைன் பக்கம் மட்டும் வரவேண்டும், செய்தி கிய்தி எதுவும் வரக்கூடாது, எந்தத் தளமும் நோட்டிபிகேஷன் அனுப்பட்டுமா என்று பல்லிளித்துக்கொண்டு கேட்கவும் கூடாது. ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தேன். எழுத்தையும் பெரிதாக்கி வைத்தேன்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் சுவரில் இருந்த பெரிய டிவி. ஆர்டர் புடவைக்கு வருகிறவர்கள் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்துகொள்வார்கள். புடவையின் உடலுக்கு என்ன நிறம், பார்டருக்கு என்ன நிறம், முந்தியில் என்ன பூ, என்ன புட்டா என்று நான் கணினியில் மாற்றி மாற்றிப் போட, அது டிவியில் தெரியும். என் திரையில் எது வந்தாலும் சுவரிலும் வரும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, முதலாளிக்குப் புதுப் பிரவுசர் பிடிக்காமல் போனது. நெற்றி நிறைய விபூதி, பெண்களையெல்லாம் ‘அம்மா’ போட்டுத்தான் கூப்பிடுவார். நாங்களும் அண்ணா, அண்ணா என்போம். ஏதோ வீடியோ இதில் ஓடவே மாட்டேன் என்கிறதாம். விளம்பரத்தைத் தடுத்தால் சில தளங்கள் திறக்காது, திறக்காமல் இருப்பதே நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பழையதை அவரே திரும்ப ஏற்றிக்கொண்டார். காலையில் நான் என்னுடையதில் வேலை பார்ப்பேன். மத்தியானம் நாங்கள் பின்கட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அவர் பழையதைத் திறப்பார். கிரிக்கெட் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதை ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் முகூர்த்தப் புடவையை முடிவு செய்துவிட வேண்டும் என்று பெண்ணின் பெரியத்தை பறந்தார். குங்குமம் வைத்த தட்டு, பூ, வெற்றிலை எல்லாம் தயார். முதலில் கண்ணில் படுகிற புடவை மங்களமாக இருக்க வேண்டும் என்பதால் அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் பார்டரைத் திரையில் போட்டேன். பெண் வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் எழும்பியது. அரைகுறை உடையில் ஒருத்தியின் படம். காஞ்சிபுரத்தில் உங்களுக்காகத் தனியாகக் காத்திருக்கிறாள் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அதை மூடுவதற்குள் அதன் தலைமேல் இன்னொன்று, அதைவிட அசிங்கமாக.

பெரியத்தை பெண்ணின் முகத்தைக் கையால் மூடினார்.

“எழுந்துருடி. மொத பொடவ பாக்கும்போதே இந்தக் கருமமா?”

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். கடையில் இருந்தவர்கள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். மவுஸ் என் கையில் இருந்தது.

எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பியதும் பழைய பிரவுசரைத் திறந்தேன். நோட்டிபிகேஷன் அனுப்ப ‘அலவ்’ கொடுத்து வைத்திருந்த தளங்களின் பட்டியல் வந்தது. பேரைப் படித்தாலே எப்படிப்பட்ட தளங்கள் என்று தெரிந்தது. ஹிஸ்டரியைப் பார்த்தேன். எல்லாமே இரண்டு மணிக்கு மேல், மூன்று மணிக்குள். நாங்கள் சாப்பிடப் போகிற நேரம். நான் தினமும் கை வைக்கிற அதே மவுஸ், அதே கீபோர்டு. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

முதலாளி பின்னால் வந்து நின்றது அப்புறம்தான் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“மத்தியானம் ஊட்ல வருவாங்கமா. அந்த ஹிஸ்டரி எல்லாம் தொடச்சி உட்டுடு.”

துடைத்தேன். எத்தனை நாளுக்கு உண்டானதை அழிக்கட்டும் என்று பிரவுசர் கேட்டது, மொத்தத்தையும் என்று கொடுத்தேன். அவர் குரல் நடுங்கியதைக் கேட்டு ஒரு வீடு உடைய வேண்டாம் என்று நினைத்தது பாதி. அந்தப் பேர்களை இன்னொரு நிமிடம் பார்க்க முடியாது என்பது மீதி.

மத்தியானம் அவர் மனைவி வந்தார். அண்ணி என்போம். நடந்தது அதற்குள் காதுக்குப் போயிருந்தது. யார் செய்த வேலை இது என்று கேட்டார். இருபது வருடமாக அங்கே புடவை விரித்துப் போடுகிற பெரியவர், கம்ப்யூட்டர் பொண்ணு எதையோ அழித்துக்கொண்டிருந்தது, கண்ணால் பார்த்தேன் என்றார். அவர் மேல் தப்பில்லை, பார்த்ததைத்தான் சொன்னார். முதலாளி சிரித்தார்.

“சின்னப் பொண்ணு. தெரியாம எதையாவது அழுத்திக்கினு இருந்திருக்கும். உடுங்க, நான் மன்னிச்சிட்டேன்.”

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை, இருந்ததை நானேதான் அழித்திருந்தேன். அந்த ஆளை நினைத்தால் வந்த அருவருப்பைவிட, தலை குனிந்து நின்ற என்னை நினைத்தால் வந்தது அதிகம்.

மறுநாள் என் மேஜையைத் திருப்பிப் போட்டார்கள், திரை கூடத்தைப் பார்த்து இருக்கும்படி. உடன் சாப்பிடுகிற பெண்கள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் தினமும் ஒட்டி உட்காருகிற எங்கள் தெருப் பெண் முன்சீட்டுக்கு மாறினாள். வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு ஊருக்குள் போய்ச் சேர ஒரு ஷேர் ஆட்டோ போதும். அசிங்கமான படம் பார்க்கிறவள் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் எந்தப் பட்டனை அழுத்தி அதை அழிப்பது?

பத்து நாள் கழித்து முதலாளி மறுபடி என்னிடம் வந்தார். அண்ணி கல்லாவில் இருந்தார். பெரியவர் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் என் மேஜையில் கை ஊன்றிக் குனிந்தார். பார்த்தது எதுவுமே பதியாத மாதிரி ஒரு வழி பிரவுசரில் இருக்கிறதாமே, அதைப் போட்டுக் கொடு என்று காதோரமாகக் கேட்டார். வாயில் பாக்கு வாசனை.

எழுந்து நின்றேன். மாடியிலிருந்து புடவை இறக்கச் சொல்லிக் கூப்பிடுவேனே, அந்தக் குரலில், மரியாதையாகவே சொன்னேன்.

“இருக்குதுண்ணா. நீங்க பாத்தது எதுவும் அதுல நிக்காது. அன்னிக்கு என்னைத் தொடைக்கச் சொன்னீங்களே, அந்த வேலையே இருக்காது. உங்களுக்குத்தானே, போட்டுடட்டுமா?”

பெரியவரின் கை பாதி மடிப்பில் நின்றது. அண்ணி தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தார். அவர் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை கேட்டேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.