பூட்டு போட்ட வெந்நீர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கணபதி என்ற பகுதியில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரர் மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர். கரண்ட் பில் வந்தால் போதும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாம் குளியலறை கீசரின் வேலைதான் என்று அவரே விசாரித்து அவரே தீர்ப்பும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூல் மேல் நின்று கீசரைப் பிரித்தார். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் குறைத்தார். சுவரில் ஒரு டைமரை மாட்டினார். அது காலை ஐந்தரைக்குத் தானே கீசரைப் போடும், பத்து நிமிடத்தில் தானே நிறுத்தும். யாரும் கை வைத்துவிடக் கூடாதே, அதற்கொரு தகரப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, சாவி ஐயாவின் சட்டைப் பையில். கஜானா பாருங்கள்! முதல் குளியல் கண்டுபிடித்தவருக்கு. அவர் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு வந்த பிறகு எனக்கு வெதுவெதுப்பாக ஏதோ கிடைக்கும். பில் குறைந்தது உண்மைதான். அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தார்.

அந்த மார்கழியில் வெள்ளகோவிலிலிருந்து என் அப்பா வந்தார். அவருக்கு நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு. பத்து நாள் இங்கேயே தங்கி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன டாக்டர், பச்சைத் தண்ணீர் மேலே படவே கூடாது, பட்டால் நிமோனியாதான் என்று மிரட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவை நிற்க வைத்து என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் டைமரை விளக்கினார். மாப்பிள்ளைக்குப் பெரிய மூளை என்று அப்பா சொல்லிவிட்டார். இவருக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் பக்கத்து மரியாதைதான் ஊருக்கே தெரியுமே. தினமும் குளியலறை வாசலில் "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று ஐந்து நிமிடம் நடக்கும். மாப்பிள்ளைக்கு முன்னால் மாமனார் குளிப்பதாவது! ஜெயிப்பது எப்போதும் அப்பாதான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று என்னையும் உள்ளே தள்ளிவிட்டு, கடைசியாகத் துண்டோடு போவார். தண்ணீர் சூடாக இருந்ததா என்று தினமும் கேட்டேன். பதமாக இருந்தது என்றுதான் தினமும் சொன்னார். அதைக் கேட்டு, தெர்மோஸ்டாட்டை இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்று யோசித்தார் எங்கள் விஞ்ஞானி. இரண்டாவதாகக் குளிக்கிற எனக்கே வெதுவெதுப்பு என்றால் மூன்றாவது ஆளுக்கு என்ன மிஞ்சும்? அதை யோசிக்காமல் இருக்க எனக்கென்ன கேடு வந்ததோ.

ஐந்தாம் நாள் அப்பா குளித்துவிட்டு வந்து நடுங்கிக்கொண்டே கட்டிலில் படுத்தார். உள்ளே போய் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் கை வைத்தேன். எங்கள் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீர் ருசியானது என்று பீற்றிக்கொள்வோம். மார்கழியில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் மரத்துப்போனது. அன்று மத்தியானமே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கம்பெனியிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். "ஏனுங்க மாமா, தண்ணி சில்லுன்னு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அப்பா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "நீங்க ஆசப்பட்டுச் செஞ்சது. பொண்ணு குடுத்த ஊட்டுல கொறை சொல்லலாமுங்களா மாப்பிள்ளை?"

இவர்கள் மரியாதையில் இடி விழ! யாரைத் திட்டுவதென்றே தெரியாமல் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

எப்படியோ அப்பா பிழைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது சுவரில் டைமர் இல்லை, ஆணி அடித்த ஓட்டைகள்தான் இருந்தன. மறுநாள் காலையில் கீசரில் தண்ணீர் கொதித்தது. அப்பாவோ குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டு, மாப்பிள்ளை முதலில் குளிக்கட்டும் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் அப்பவே குளிச்சுப்போட்டேனுங்க மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் நெற்றியில் நேற்று வைத்த விபூதி அப்படியே இருந்தது. அப்பா அதை ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.