சீயக்காயும் பதினெட்டாயிரம் அடியும்

நம் நாட்டில் போர் விமானம் ஓட்டும் பெண்கள் எல்லோரையும் இன்றைக்கும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதில் ஒரு இருக்கை என்னுடையது. நான் போய்ச் சேர்ந்த விமானப்படைப் பிரிவில், அதாவது ஸ்க்வாட்ரனில், பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டத் தொடங்கினார்கள். அது கட்டி முடிவதற்குள் நான் தனியாகப் போர் விமானத்தை ஓட்டி, இறக்கி, கைதட்டலும் வாங்கிவிட்டேன். கழிப்பறைக்குக் கதவு அதற்கப்புறம்தான் வந்தது.

வானத்தில் சட்டென்று வளைந்து திரும்பும்போது உடம்பு ஏழெட்டு மடங்கு கனக்கும். கன்னம் தொங்கும், கண் இருட்டும். அதையெல்லாம் தாங்கிய நான், விடுப்பில் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காயில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். விழும்போது பிடித்துக்கொள்ளக் கிடைத்தது பிளாஸ்டிக் வாளி ஒன்றுதான். அதுவும் என்னோடு சேர்ந்து உடைந்தது.

அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த மூன்றாம் நாள், கீழ்வீட்டு ஆன்ட்டி ஒரு டஜன் ஆரஞ்சோடு வந்து என் தலையைத் தடவி அழுதார். "பதினெட்டாயிரம் அடியிலேருந்து குதிச்சியாமே கண்ணு. சர்ச்ல உனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஆரஞ்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்டி போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "விமானத்துலேருந்து குதிச்சா பேப்பர்ல வரும்மா. ஒரு விமானமே போயிருக்கும். அது எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"அதெல்லாம் மிலிட்டரி ரகசியம், வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் சொன்னேன்."

அதனால்தான் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. கணக்கு டீச்சர் என்பதால் அம்மாவின் பொய்யில் எண்கள் மட்டும் எப்போதும் துல்லியமாக இருக்கும். பாராசூட்டில் எத்தனை நிமிடம் தொங்கினேன் என்பது வரை சொல்லியிருந்தாள். மளிகைக் கடைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தனுப்பினார். அதைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் குடித்தேன்.

சிரிப்புக்கு நடுவில் ஒரு பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. கால் எலும்பு சேர்ந்த பிறகு மருத்துவக் குழு என்னைப் பரிசோதித்து, போர் விமானம் ஓட்டத் தகுதி உண்டா என்று எழுத வேண்டும். இல்லை என்று எழுதிவிட்டால் மீதி வாழ்நாள் மேஜைக்குப் பின்னால்தான். உடைந்தது என் ஒரு எலும்பு. ஆனால் அதை வைத்து எனக்குப் பின்னால் வரப்போகிற எல்லாப் பெண்களையும் எடை போட ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் டாக்டர் பத்து முறை செய்யச் சொன்ன பயிற்சியை நாற்பது முறை செய்தேன்.

அம்மாவின் நிலைமை வேறு. அவள் கோயிலில் செய்த வேண்டுதலை அவளே ஒருநாள் உளறிவிட்டாள். என் கால் நடக்க, ஓட, மாடிப்படி ஏறக் குணமாக வேண்டும், ஆனால் பறக்கிற அளவுக்குக் குணமாக வேண்டாம். இப்படி அளந்து வேண்டிக்கொண்டால் எந்தச் சாமிதான் என்ன செய்யும்?

கால் சரியாகும்வரை வீட்டில் இருந்த அந்த நான்கு மாதம் நான் அவளைப் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வேலையில் ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் எல்லோரும் உட்கார்ந்து, யார் எங்கே தப்புச் செய்தோம் என்று மூடி மறைக்காமல் பேசியாக வேண்டும். அதில் பெரியவர், சின்னவர் கிடையாது. அந்தப் பழக்கத்தில், சாம்பார் அடிப்பிடித்த ஒருநாள் அம்மாவை எதிரில் உட்காரவைத்து, "அடுப்பை எப்ப பத்த வச்சே? கவனம் எப்ப சிதறிச்சு?" என்று ஆரம்பித்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "முப்பது வருஷம் பிள்ளைங்களை நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ நான். என்னையே நிக்க வைக்கிறியா? எழுந்து போடி" என்றாள். சாம்பாரைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

பரிசோதனை நாள் வந்தது. விமானப்படை மருத்துவமனைக்குத் துணைக்கு வருகிறேன் என்று அம்மா ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவள் வாயை நினைத்துத்தான் எனக்குப் பயம். விமானிகள் டாக்டரிடம் உண்மை சொல்லவே மாட்டோம். கழுத்து திரும்பாவிட்டாலும் பிரமாதமாக இருக்கிறது சார் என்போம். இது டாக்டர்களுக்கும் தெரியும். அந்த மருத்துவமனையின் மூத்த டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். விமானி உள்ளே இருக்கும்போது, வெளியே காத்திருக்கும் வீட்டாரிடம் சும்மா பேசுவதுபோல் பேசி விஷயத்தைக் கறந்துவிடுவாராம். அதனால் வழி நெடுக அம்மாவிடம், யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினேன். அம்மா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

உள்ளே நான் ஒற்றைக் காலில் குதித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். எதிரே இருந்தவர்தான் அந்த மூத்த டாக்டர் என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் அம்மா அவரையும் பதினெட்டாயிரம் அடிக்கு ஏற்றிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் கன்னடக்காரர். தாம்பரத்தில் வேலை பார்த்தபோது கற்ற தமிழில் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஃபைல்ல பாத்ரூம்னு இருக்கு. உங்க அம்மா பாராசூட் சொல்றாங்க. உயரத்துல இருந்து குதிச்சா முதுகெலும்பு பார்க்கணும். நான் கேள்விப்படாத விமான விபத்தா? ரெண்டு பேர்ல யார் சொல்றது நிஜம்?"

"சார், நான் சொல்றதுதான்" என்றேன்.

"பைலட்டுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அம்மாங்க பொய் சொல்ல மாட்டாங்க."

அம்மா ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே நின்றால் போதும். அந்த ஸ்கேன், இந்த ஸ்கேன், இன்னும் ஆறு மாதம் என்று என்னைத் தரையில் கட்டிப்போட்டுவிடலாம். அவளுடைய வேண்டுதல் இவ்வளவு சுலபமாகக் கைக்கு வரும் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"குதிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்" என்றாள் கடைசியில். "சீயக்காய்ல வழுக்கிச்சு. வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தா. நான்தான் தூக்கினேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"இவ பிளேன் ஓட்றான்னாலே பாதிப் பேர் நம்ப மாட்டேங்கறாங்க. பாத்ரூம்ல விழுந்தான்னு சொன்னா மீதிப் பேரும் சிரிப்பாங்க. என் பொண்ணைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது சார்."

டாக்டர் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி. எக்ஸ்ரே நல்லா இருக்கு. ஆனா வலி எக்ஸ்ரேல தெரியாது. வீட்ல நொண்டுறாளா? ராத்திரி கால் பிடிச்சு விடச் சொல்றாளா?"

அம்மா என் காலைப் பார்த்தாள். ஒரே ஒரு "ஆமா" போதும்.

"இல்ல சார். மூணு மாடி ஏறித் துணி காயப்போட்டுட்டு, எறங்கி வந்து என்கிட்ட சண்டையும் போடறா. வலியே கிடையாது. வேலைக்கே திரும்பக் கூட்டிட்டுப் போயிடுங்க."

தகுதி உண்டு என்று டாக்டர் எழுதினார்.

திரும்பும்போது தொம்மலூர் பாலத்தருகே ஆட்டோ நின்றேவிட்டது. முன்னால் ஒரே ஹாரன் சத்தம். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. "ஆமான்னு சொல்லியிருக்கலாமே" என்றுதான் கேட்டேன்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்" என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே திட்டினாள். "தினம் போன்ல, இன்னைக்குப் பறக்கலம்மா, பேப்பர் வேலைதான்னு சொல்லுவியே. நீ பேப்பர் வேலைன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் பறந்தது எனக்குத் தெரியாதா? இந்த ஆறு வருஷத்துல அவ்வளவு பேப்பர் எங்க இருக்கு? இனிமே பறந்தா பறக்கறேன்னு சொல்லு. முன்னாடி சொல்லு. எறங்கினதும் சொல்லு."

நானும் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாட்டை நிறுத்தினார்.

ஸ்க்வாட்ரனுக்குத் திரும்பி முதல் முறை பறப்பதற்கு முந்தைய நாள் போன் செய்து, நாளைக் காலை பறக்கிறேன் என்று சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள். மறுநாள் இறங்கியதும் வியர்வை காய்வதற்குள் லாக்கரிலிருந்து போனை எடுத்து அழைத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள்.

"பறந்தேன்மா. எறங்கிட்டேன்."

நாற்காலியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இரு," என்றாள், "காலையிலேருந்து இப்பத்தான் உக்கார்றேன்."