கஹ்யா ஷாகிர்

உஸ்குதார் படகுத்துறைக்கு எதிரே இருந்த ஷேர் டாக்சி நிறுத்தத்தில் ஷாகிர் இருபத்திரண்டு வருஷம் கஹ்யாவாக இருந்தார். எந்த வண்டி முதலில், எதில் யார் ஏறுவது, எப்போது கிளம்புவது எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். "காதிகோய், காதிகோய்! ஒரே ஒரு ஆளு!" என்று அவர் கத்தினால் கரைக்கு வரும் படகிலேயே கேட்கும்.

மைத்துனனுக்கு மட்டும் இளக்காரம். "கத்துறதுக்கு ஒரு உத்தியோகமா மச்சான்?"

அது அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள், தினமும் வந்து ஏறும் பாரசீக மொழி ஆசிரியை பெஹிஜேயிடம் கேட்டேவிட்டார். "டீச்சரம்மா, கஹ்யான்னா என்னம்மா அர்த்தம்?"

"பழைய பாரசீகச் சொல்லுப்பா. கெத்ஹுதா. கெத்னா வீடு, ஹுதான்னா உடையவன். அந்தக் காலத்துப் பெரிய அதிகாரி, பாஷான்னு சொல்லுவாங்க, அவங்க மாளிகையில சாவிக்கொத்து அவன் இடுப்புலதான் இருக்கும். வாயில தேஞ்சு தேஞ்சு கஹ்யா ஆயிடுச்சு."

"நான் இருக்கறது வாடகை ரூமுலம்மா!" என்று ஷாகிர் சிரித்தார். ஆனாலும் அன்று சட்டைக் காலரை இரண்டு முறை சரிசெய்துகொண்டார்.

அந்தத் தை மாதம் பகலிலேயே பனி கொட்டித் தீர்த்தது. படகு நின்றது, பஸ் நின்றது. நிறுத்தத்தில் நாற்பது பேர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். இருந்தது ஐந்தே வண்டி. முதல் வண்டிக்காரன் ருக்னெத்தின் காலியாகவே கிளம்பப் பார்த்தான்.

"நான் வீட்டுக்குப் போறேன். விடுங்கண்ணே."

"உன் வீடும் காதிகோய்தானே? ஏத்திக்கிட்டுப் போ."

"ரோடு வழுக்குது. இத்தன பேரு பாரத்தோட கவுந்தா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

ஷாகிர் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். ருக்னெத்தின் ஹார்னை அழுத்தினான், வண்டியை உறுமவிட்டான். பம்பர் முழங்காலில் இடித்தது. அவர் அசையவில்லை. கடைசியில் கதவைத் திறந்துவிட்டது ருக்னெத்தின்தான். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சி, பெஹிஜே டீச்சர் என்று எட்டுப் பேர் நெருக்கியடித்து ஏறினார்கள். மற்ற நான்கு வண்டிகளும் அதைப் பார்த்துப் பின்னாலேயே நிரம்பின. எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஷாகிர் நொண்டிக்கொண்டே நடந்து வீடு சேர்ந்தார்.

மறுநாள் காலை கதவைத் தட்டியவன் ருக்னெத்தின். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் எலும்பு வைத்தியரிடம் காட்டினான்.

நிறுத்தத்தை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போதும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால், கிழவர்களாகிவிட்ட ஷாகிரும் ருக்னெத்தினும் துறையோரம் தேநீரோடு உட்கார்வார்கள். போன வாரம் ருக்னெத்தின் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, அன்னிக்கு நான் வண்டிய உங்க மேல ஏத்தியிருந்தா?"

"நீ ஏத்தமாட்டேன்னு தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

ஷாகிர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். "எங்கடா தெரியும்? கால் ரெண்டும் விறைச்சுப்போச்சு, நகர முடியல."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள்.