கோட்டுக்கு நிறம் கிடைக்காத படை

நேரில் அவரை எல்லோரும் ‘சார்’ என்பார்கள். முதுகைத் திருப்பினால் ‘ஆதாரம்’. யார் எதைச் சொன்னாலும் “ஆதாரம் இருக்கா?” என்று கேட்கிற வாய்க்கு வேறென்ன பெயர் வைப்பது? உத்தியோகமும் அந்த வாய்க்குத் தோதாகவே அமைந்திருந்தது. வண்டி நசுங்கி இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை, காப்பீட்டு அலுவலகத்தில். கையில் கட்டுப் போட்டு வந்து நிற்பவனிடம்கூட, போட்டோவில் நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுக் கழுத்தறுப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஓய்வு நேரத்தில் ஒரு கிளப். சீட்டாட்ட கிளப் என்று நினைத்துவிட வேண்டாம், அதில் காசாவது கைமாறும். இவர்கள் ஞாயிறு மதியம் நூலகத்தின் மாடிக் கூடத்தில் மேசைமேல் பச்சைத் துணி விரித்து, கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, என்றோ முடிந்துபோன போர்களைத் திரும்ப நடத்துவார்கள். தலை நரைத்த ஆம்பிளைகள், “என் குதிரைப்படையைத் தொடாதே” என்று முகம் சிவக்கச் சண்டை பிடிப்பார்கள்.

ஆதாரத்தின் படை ஸ்காட்லாந்துக் காலாட்படை, பதினேழாம் நூற்றாண்டின் கடைசிக் காலம். ஸ்காட்லாந்து மேல் அவருக்கு அப்படியொன்றும் பாசம் கிடையாது. கிளப்பில் வேறு யாரும் தொடாத மூலை அது, தான் மட்டும் மேதாவியாக உட்கார வசதியாக இருந்தது. தொப்பி, முகம், காலுறை, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் வர்ணம் தீட்டி முடித்து ஏழு வருஷமாகிறது. கோட்டு மட்டும் பாக்கி. அந்தச் சில வருஷங்களில்தான் அந்த நாட்டுப் படைகள் சாம்பல் கோட்டிலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. இவருடைய படை மாறியதா இல்லையா? துணி வாங்கிய கணக்குகளைத் தேடிப் படித்தார். படையை விட்டு ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரச் சொல்லும் பழைய அறிவிப்புகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். ஓடினவனின் அம்மைத் தழும்பையும் கோணல் நடையையும் எழுதி வைத்தவர்கள், கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. “பொறுப்பில்லாத ஜனங்க!” என்று செத்து முன்னூறு வருஷமானவர்களைத் திட்டினார்.

அந்தச் சிப்பாய்களுக்கு முதல் பூச்சு அடித்தது அவர் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், கைவேலையில் கெட்டிக்காரி. வீட்டு வாசல் கேட்டுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த சாம்பல் பிரைமர் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பொம்மைகளை அட்டைமேல் வரிசையாக நிறுத்தி, மொட்டை மாடியில் வைத்து ஒரே மூச்சில் அடித்து முடித்தார்.

“கோட்டு இப்படியே நல்லாத்தானே இருக்கு? விட்டுடுங்களேன்.”

“இது பிரைமர். கேட்டுக்கு அடிக்கிறது. இதுல எல்லாம் நீ தலையிடாத,” என்றார் ஆதாரம்.

கேட்டுக்கும் மேல் பூச்சு அடிக்கத்தான் வேண்டும். பச்சையா, பழுப்பா என்று மனைவி கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த அரைகுறைக் கேட்டைத் திறந்து வேனை எடுப்பதும் திரும்ப வந்து மூடுவதும் மனைவியின் அன்றாடக் கடமை.

இந்த வருஷக் கண்காட்சிக்கு முன்னால் கிளப் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நடு மேசை இவருக்கென்று வருஷா வருஷம் காலியாகக் கிடக்கிறது, இந்தத் தடவை படை வராவிட்டால் அதைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். பல் டாக்டரும் இவருக்குப் போட்டியாக ஒரு ஸ்காட்லாந்துப் படை வாங்கி, ஒரே வாரத்தில் பளீரென்று சிவப்பை அப்பி வைத்திருந்தார். அந்த ஆளிடம் நடு மேசையை விட்டுக்கொடுப்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது ஆதாரத்துக்கு. டாக்டரின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதற்காகவே, அருங்காட்சியகத்தில் பழைய துணிமணிகளைப் பராமரிக்கும் அம்மாவை நடுவராகக் கூப்பிடச் சொன்னதும் ஆதாரம்தான்.

ஆனால் கோட்டுக்கு நிறம் கிடைத்தபாடில்லை. கண்காட்சி அன்று காலை, வேறு வழி தெரியாமல், வெறும் பிரைமர் கோட்டோடு படையைப் பெட்டியில் வைத்து மனைவியின் வேனில் ஏற்றினார். நடு மேசையில் பொம்மை மரங்களுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்திவிட்டு, தள்ளிப் போய் நின்றார்.

நடுவரம்மா பூதக்கண்ணாடியோடு வந்தார். சிவப்புப் படையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மரங்களை நகர்த்தினார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“இது யாரோடது?”

ஆதாரம் தூக்குமேடைக்குப் போகிறவரைப் போல முன்னால் வந்தார்.

“சாயமே போடாத கம்பளித் துணி. அந்தக் காலத்துத் துணியை நான் கையால தொட்டிருக்கேன், அப்படியே இருக்கு. எல்லாரும் சிவப்பைக் கொட்டி வெச்சிருக்காங்க. இப்படிச் சும்மா விடறதுக்கு எவ்வளவு படிச்சிருக்கணும்!”

கூடம் கைதட்டியது. நடுவரம்மா முதல் பரிசுக் கோப்பையை எடுத்து நீட்டினார். பல் டாக்டர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “சார், இதுக்கு ஆதாரம் இருக்கா?”

இத்தனை வருஷமாக இவர் ஊரையே கேட்ட கேள்வி. நடுவரம்மா சொன்னது வெறும் கைப்பழக்கத்தில் வந்த பேச்சு, படையின் பெயர்கூட அவருக்குத் தெரியாது என்பது ஆதாரத்துக்குத் தெரியும். வேறு யாருக்காவது அந்தக் கோப்பை போயிருந்தால் அம்மாவைப் பிய்த்து எடுத்திருப்பார். அவமானத்தில் காது சூடேறியது. ஆனாலும் கை பாட்டுக்குக் கோப்பையை நோக்கி நீண்டது.

“நிறைய... படிச்சேன்,” என்றார்.

பின்வரிசையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

வேனில் திரும்பும்போது ஆதாரத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. “சாம்பலாத்தான் இருக்கணும்னு எனக்கு எப்பவோ பட்டுச்சு,” என்று ஆரம்பித்தார். மனைவி சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். வீடு வந்ததும், நீங்களே இறங்கித் திறங்க என்றார்.

அவர் கோப்பையை இடுக்கிக்கொண்டு இறங்கி, கேட்டின் முன்னால் போய் நின்றார். மாலை வெயிலில் கேட் தன் சாம்பல் கோட்டோடு நின்றிருந்தது. பின்னால் வேனின் ஜன்னல் இறங்கியது.

“அந்தக் கப்பை கேட்டு மேல வெச்சுட்டுக் கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். ஆதாரமா இருக்கட்டும்.”