பம்பாய்க் கால்

வேப்பெண்ணெயும் நனைந்த தோலும் கலந்த வாடையை வைத்தே, அப்பா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன். முதல் உலக யுத்தத்தின்போது இந்தியாவில் ஊருக்குப் போன இடத்தில் கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போனவர், வலது காலை முழங்காலுக்குக் கீழே குண்டுக்குக் கொடுத்துவிட்டு, பம்பாயில் செய்து மாட்டிய மரக்காலோடு இலங்கைக்குத் திரும்பி, பண்டாரவளை ஸ்டேஷனில் வந்து இறங்கினார். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பிள்ளைகள் அதைப் "பம்பாய்க் கால்" என்றார்கள். அதன் நுனியில் ஒரு கறுப்புப் பூட்ஸை, கழற்ற முடியாதபடி ஆணி அடித்துச் சேர்த்திருந்தார்கள்.

சமதரையை நினைத்துச் செய்த கால் அது. எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்திலோ தண்ணீருக்குப் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். நாலு எட்டு வைப்பதற்குள் வெட்டுப்பட்ட இடம் உரசிப் புண்ணாகிவிடும். அம்மா வெந்நீரில் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டுவாள். "நடக்க நடக்கப் பழகிடும்னு பட்டாளத்து டாக்டர் சொன்னாரு" என்பார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரில் உட்கார்ந்து தேயிலை பொறுக்கும் வேலை ஒன்று இருந்தது. மற்றவர்களைப் போலப் "பெரட்டு"க்கு வந்து, விடியற்காலை வரிசையில் நின்று காட்டினால் வேலைக்குப் பேர் போடுவதாகத் துரை சொல்லியனுப்பியிருந்தார். பேர் இல்லாவிட்டால் காம்பராவும் இல்லை. ஒரு மாதம் லயத்து வாசலில் நடந்து நடந்து பழகினார். பெரட்டுக்கு முந்தின நாள் மாலை, அப்பா அழகாகப் போகட்டும் என்று, யாரும் சொல்லாமலே நான் அந்தப் பூட்ஸைத் தேங்காயெண்ணெயும் விளக்குக் கரியும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன்.

துரைக்கு முன்னால் தொழிலாளிகள் காலில் எதையும் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அப்பாவுக்கும் அது தெரியும்; ஆனால் இது செருப்பல்ல, தன் கால் என்று நினைத்துவிட்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மறுநாள் வரிசையில், சேறு படிந்த வெறுங்கால்களுக்கு நடுவில் அந்தப் பூட்ஸ் மட்டும் மின்னியது. துரை அதைத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெரிய கங்காணியிடம் ஏதோ சொன்னார்.

"பூட்ஸைக் கழட்டச் சொல்றாரு, வேலு" என்றார் கங்காணி.

"கழட்ட வராதுங்க. காலோட சேந்ததுங்க."

"அப்ப காலையே கழட்டு. துரை நிக்கிறாரு."

அப்பா தரையில் உட்கார்ந்து, வாரை அவிழ்த்து, காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். கங்காணி தூக்கிவிட, ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு சாய்ந்தார். நிற்க முடியாதவனுக்குப் பேர் கிடையாது என்று சொல்லிவிட்டுத் துரை அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஓடிப்போய் அந்தப் பூட்ஸில் சேற்றை அள்ளிப் பூச வேண்டும் போலிருந்தது. இனிப் பூசி என்ன ஆகப்போகிறது.

மாதக் கடைசியில் காம்பராவை விட்டோம். பதுளையில் ஒரு கடைக்காரர் வீட்டில் அம்மா மாவிடிக்கப் போனாள். அப்பா அந்தக் காலை மறுபடி மாட்டவில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அதே தோட்டத்தில் செருப்போடும் பூட்ஸோடும் பெரட்டுக்கு வருகிறார்கள். அந்தத் துரையும் போனார், அந்தச் சட்டமும் போனது. அறுபது வயதைத் தாண்டிய நான் மட்டும், புதுச் செருப்பு வாங்கினால், வாசல் சேற்றில் ஒரு மிதி மிதித்த பிறகுதான் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறேன்.