தம்ளர் அட்டையில் யார் கையெழுத்து?

பழைய கண்ணாடித் தம்ளருக்கு வயது சொல்லிப் பிழைப்பவனுக்கு, சரக்கு கை தவறி உடைவதுகூடப் பெரிய கஷ்டமில்லை. எதிர்க்கடையில் இன்னொருவர் வயது சொல்ல ஆரம்பிப்பதுதான் கஷ்டம். அந்த வேதனையை அனுபவித்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்கள் சிரிப்பீர்கள்.

கவரைப்பேட்டையில் என் பழைய சாமான் கடை. சென்னையில் உணவகங்களுக்கு அலங்காரம் செய்யும் பத்மா மேடம், அச்சில் அழுத்தி வார்த்த பழைய தம்ளர்களை என்னிடம் வாங்கி அங்கே அலமாரிகளில் அடுக்குவார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வயது எழுதிய சின்ன அட்டை, அதன் கீழே என் கையெழுத்து. மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். போன வருஷம் எதிரில் கஸ்தூரி கடை போட்டாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பாட்டில் கம்பெனியில், பழுதான பாட்டிலைப் பொறுக்கித் தள்ளும் வேலையை எட்டு வருஷம் பார்த்தவள்.

அடியில் நாற்பத்தேழு

ஒரு தம்ளரின் அடியில் 47 என்று புடைப்பாக இருந்தது. "சுதந்திரம் வந்த வருஷத்துச் சரக்கு மேடம்" என்றேன், குரலில் கொஞ்சம் தேசபக்தியும் சேர்த்து. மேடம் உருகிப்போய் அட்டையை எடுத்தார். ஏணி கேட்க வந்திருந்த கஸ்தூரி, ஏணியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதே மாதிரித் தம்ளர் இன்னும் இரண்டை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றில் 12, இன்னொன்றில் 83.

"அது வருசம் இல்ல மேடம், அச்சு நம்பரு. எந்த அச்சு கோணலா வுடுதுன்னு கண்டுபுடிக்கப் போடுவாங்கோ."

தேய்ந்த அடி

அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். எளாவூரில் லாரி நிறுத்துகிற டிரைவர் ஒருவர் இரண்டு டஜன் தம்ளர் கொண்டுவந்தார். பழசு என்றால் அடியில் நுண்ணிய கீறல் இருக்க வேண்டும், நிறையவே இருந்தது. கஸ்தூரி கண்ணில் படுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று பேரம்கூடப் பேசவில்லை. பிறகு அவள் கண்ணில் படட்டும் என்றே வாசலில் அடுக்கினேன்.

வந்தாள். ஒன்றை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். புழங்கித் தேய்ந்தால் கீறல் நாலா பக்கமும் போகுமாம். இதில் எல்லாம் ஒரே பக்கம், சிமெண்டுத் தரையில் வைத்து இழுத்திருக்கிறார்களாம். அடுத்த முறை டிரைவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். மனுஷர் அசரவே இல்லை.

"அந்தக்காவாண்ட போனா கண்டுபுடிச்சிடும் நைனா. அதான் உன்னாண்ட வந்தேன்."

விளிம்பு தேயாத ஆறு

மேடம் மூன்று புது உணவகங்களின் அலங்கார வேலையை எடுத்திருந்தார். எல்லா அட்டையிலும் ஒரே ஆளின் கையெழுத்து இருக்கட்டும் என்று, யார் அந்த ஆள் எனப் பார்க்க எங்கள் இருவரையும் திருவள்ளூருக்குக் காரில் கூட்டிப்போனார். கோயில் கைங்கரியம் செய்கிற ஒரு வீடு. ஆறு தம்ளர்கள். கஸ்தூரி விளிம்பைத் தடவினாள். கவிழ்த்துவைத்துப் புழங்கியிருந்தால் சொரசொரக்கும், இது வழவழவென்று இருக்கிறது, புதுசு என்றாள்.

நான் உள்ளே பார்த்தேன். முக்கால் உயரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் வளையம். எண்ணெய்க் கறை. "இது குடிக்கிற தம்ளரே இல்லை, விளக்கு" என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். "வாஸ்தவம். பாதி ஜலம், மேலே எண்ணெய், ஒரு திரி. எங்க தாத்தா நாள்லேர்ந்து பெருமாளுக்கு ஏத்தறோம். ஒருநாளும் கவுத்து வெச்சதில்லை."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கஸ்தூரியின் முகம் சுருங்குகிறதா என்று ஆசையோடு பார்த்தேன். அவளோ தம்ளரை வாங்கி, அந்த வளையத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். "இது எனக்குத் தெரியாது சார். உங்களாலதான் தெரிஞ்சிகினேன்." மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியாதுங்கற வார்த்தையை இத்தனை வருஷத்துல உங்க வாயால நான் கேட்டதே இல்லை சார். இனிமே அட்டைல கஸ்தூரியே கையெழுத்து போடட்டும்."

ஆக, நான் சரியாகக் கண்டுபிடித்த அந்த ஆறு தம்ளர்களின் அட்டையிலும் இப்போது அவள் கையெழுத்துத்தான், அதுவும் என்னுடையதைவிட அழகாக.